பிரசங்க மேடையிலிருந்து இறங்கியவர்

மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கடற்காற்று ஈரத்தோடு உப்பையும் சுமந்து வந்து, பூட்டு, மிதிவண்டிச் சங்கிலி, சன்னல் கம்பி என எதையும் விட்டுவைப்பதில்லை. நான் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிய பள்ளியின் மைதானத்தில் ஒரு கூடைப்பந்து வளையம் இருந்தது. எத்தனை முறை வண்ணம் பூசினாலும் சில ஆண்டுகளில் அது செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிடும். பட்டறைக்குச் சென்று புதிய வளையம் செய்து வந்து பொருத்துவேன். அப்படிப் பொருத்தும்போதெல்லாம், அந்த இடத்தில் முதன்முதலாக ஒரு பழக்கூடையைக் கட்டிய மனிதரை நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் என்று பொது அறிவுத் தேர்வுக்குப் படிப்போர் அறிவர். ஒரு மதிப்பெண்ணுக்கு அவ்வளவு போதும். ஆனால் அந்த மனிதரை அவருடைய ஒரே அக்காள் இறுதிவரை மன்னிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பந்தையும் கூடையையும் காட்டிலும் அந்தச் செய்திதான் என்னை நெடுநாள் தொந்தரவு செய்துவந்தது. எனக்கும் ஓர் அக்காள் உண்டு.

என் தந்தை பிறருடைய உப்பளத்தில் கூலிக்கு உழைத்தவர். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவர் இறந்தார். அக்காள் பள்ளியை விட்டுவிட்டு உப்பளத்தில் இறங்கினார். புதிய பாத்திக்குக் களிமண்ணை மிதித்து இறுக்குவதும், விளைந்த உப்பை வாரிக் கரையேற்றுவதும், தலைச்சுமையாய்க் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவதும் அவருடைய வேலைகள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். தை பிறக்கும்வரை கூலி இராது. அந்த மாதங்களிலும் என் பள்ளிச் செலவை அவர் நிறுத்தியதில்லை. நான் ஏதேனும் ஓர் அரசு அலுவலகத்தில் நிழலில் அமர்ந்து எழுத வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்காகப் பூமீஸ்வரர் கோயிலில் அவர் வைத்த வேண்டுதல்கள் பல. நானோ பட்டப் படிப்பை முடித்துவிட்டு உடற்கல்விப் பயிற்சிக்குப் போனேன். அக்காள் சண்டையிடவில்லை; எதுவுமே சொல்லவில்லை. ஊர்ப் பள்ளிக்கே நான் ஆசிரியராக வந்த பின்பும், மைதானத்தின் ஓரமாக நாள்தோறும் உப்பளத்துக்கு நடந்து போனவர், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நிழலில் உட்கார வேண்டிய பிள்ளை, ஊதலை வாயில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பதைப் பார்க்க அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

நெய்ஸ்மித் 1861 நவம்பர் 6 அன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆல்மான்ட் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பம். தந்தை ஜான் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். 1870-இல் டைபாய்டு காய்ச்சல் அந்தக் குடும்பத்தைத் தாக்கியது. சில வார இடைவெளியில் தந்தையும் தாயும் மாண்டனர். அக்காள் ஆனி, ஜேம்ஸ், தம்பி ராபி ஆகிய மூன்று பிள்ளைகளும் பாட்டி வீட்டுக்கு வந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பாட்டியும் போய்விட, மணமாகாத தாய்மாமன் பீட்டர் யங் அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். பின்னர் தம்பி ராபியும் இளம் வயதிலேயே இறந்தான்.

மாமன் கண்டிப்பானவர், கடவுள் பக்தி மிக்கவர். அவரைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை நெய்ஸ்மித்தின் வாழ்க்கையை எழுதியவர்கள் தவறாமல் சொல்வார்கள். சிறுவன் ஜேம்ஸ் ஒரு குளிர்காலத்தில் குதிரைகள் பூட்டிய வண்டியை உறைந்த ஆற்றின்மீது ஓட்டிச் சென்றான். பனிப்பாளம் உடைந்து குதிரைகள் நீருக்குள் இறங்கிவிட்டன. உயிரைக் கொடுத்துப் போராடி அவற்றைக் கரையேற்றிய பிறகு நிமிர்ந்து பார்த்தால், மரங்களின் மறைவில் மாமன் நின்றுகொண்டிருந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உதவிக்கு மட்டும் வரவில்லை. இதை வளர்ப்பின் மேன்மை என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைக்குத் தன்னம்பிக்கை தேவைதான். அதைவிட முன்னதாக ஒரு கை தேவை. ஆயினும், சிக்கல் வந்தால் யாரும் வரமாட்டார்கள், தானே வழி தேட வேண்டும் என்ற பாடம் அவருக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. பிற்காலத்தில் அது பயன்பட்டது என்பதையும் மறுக்க முடியாது.

பதினைந்து வயதளவில் அவர் பள்ளியை விட்டு வெளியேறி, காடுகளில் மரம் வெட்டும் முகாம்களில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே குடிப்பழக்கமும் வந்தது. ஒரு நாள் மதுக்கடையில் கோப்பையைக் கையில் எடுத்தபோது, அருகில் நின்ற ஒருவர், இவன் மார்கரெட் யங்கின் மகனல்லவா என்று அடையாளம் கண்டுகொண்டார். இந்தக் கோலத்தைக் கண்டால் அவள் கல்லறைக்குள்ளும் புரண்டு படுப்பாள் என்ற பொருளில் ஏதோ சொன்னார். இறந்துபோன தாயின் பெயர் அந்த இடத்தில், அந்த வேளையில் காதில் விழுந்தது. இளைஞர் கோப்பையைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர் மதுவைத் தொட்டதில்லை என்கிறார்கள்.

இருபதாம் வயதை எட்டும் நிலையில் மீண்டும் பள்ளிக்குத் திரும்பினார். தம்மைவிடச் சிறிய பிள்ளைகளோடு வகுப்பில் அமர வேண்டியிருந்தது. பின்னர் மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1888-இல் பட்டம் பெற்றார். அதைத் தொடர்ந்து அதே நகரின் பிரஸ்பிட்டேரியன் கல்லூரியில் இறையியல் படித்து 1890-இல் முடித்தார். அவர் போதகராவார் என்பதில் அக்காளுக்கும் மாமனுக்கும் ஐயமே இருக்கவில்லை. பெற்றோர் இல்லாத ஒரு வீட்டில், ஒரு பிள்ளை தேவ ஊழியத்துக்குப் போகிறான் என்பது எத்தகைய பெருமை என்பதை எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் மெக்கிலில் அவருக்கு இன்னொரு பித்தும் பிடித்திருந்தது. உடற்பயிற்சிக் கூடம், ரக்பி, லக்ராஸ் என அவர் களத்தைவிட்டு இறங்கவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் வாங்கிய அடியால் கண்கள் கன்றிக் கறுத்திருக்க, ஞாயிற்றுக்கிழமை அதே முகத்தோடு பிரசங்க மேடையில் ஏறியிருக்கிறார். உடன் படித்த இறையியல் மாணவர்கள், விளையாட்டு சாத்தானின் கருவி என்று நம்பி, அவருக்காகக் கூடி ஜெபம் செய்ததும் உண்டு.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, பக்கத்தில் நின்ற வீரர் ஆத்திரத்தில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டினார். உடனே நெய்ஸ்மித்தின் பக்கம் திரும்பி, அவர் அருகில் இருப்பதை மறந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நெய்ஸ்மித் அவரைக் கண்டித்ததில்லை, அறிவுரை சொன்னதில்லை. உடன் விளையாடினார், அவ்வளவுதான். அதுவே அந்த மனிதரின் நாவைக் கட்டியிருக்கிறது. ஒருவரை நல்வழிப்படுத்த மேடை ஒன்றுதான் வழியா என்ற கேள்வி அன்று அவருக்குள் எழுந்தது. 1890-இல் போதகர் பணியை நாடாமல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அக்காள் ஆனி இதை ஏற்கவில்லை. கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கலாகாது என்பது விவிலிய நெறி. தம்பி திரும்பிப் பார்த்தவன் என்பதே அவருடைய முடிவு. பல ஆண்டுகள் கழித்து, உலகமே கூடைப்பந்தை ஆடிக்கொண்டிருந்த காலத்தில், இப்போதாவது மன்னித்துவிட்டாயா என்று நெய்ஸ்மித் கேட்டபோதும் அவர் இல்லையென்றே தலையசைத்தார். உயிரோடு இருந்தவரை ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. தம்பிதான் அந்த விளையாட்டை உருவாக்கினான் என்பதில் அவருக்குச் சற்று வெட்கம்கூட இருந்திருக்கலாம் என நெய்ஸ்மித்தே எழுதியிருக்கிறார். அவர் எழுதிய நூல் அவருடைய மறைவுக்குப் பின்னர் 1941-இல் வெளிவந்தது. வெற்றிக் கதை சொல்லவேண்டிய ஒரு நூலில் இப்படி ஒரு செய்தியை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஸ்ப்ரிங்ஃபீல்டில் நடந்தது எல்லோரும் அறிந்த கதைதான்; எனினும் அதில் நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாது. கூடத்துக்குள் வெறும் உடற்பயிற்சி செய்து சலித்துப்போன பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்பு, இரண்டு ஆசிரியர்களைத் துரத்திவிட்டிருந்தது. துறைத் தலைவர் லூதர் கூலிக் அந்த வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, இரண்டு வாரத்துக்குள் உள்ளரங்கில் ஆடக்கூடிய புதிய விளையாட்டு ஒன்றை உருவாக்கச் சொன்னார். அவர் முதலில் ரக்பியையும் கால்பந்தையும் லக்ராஸையும் கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார். சன்னல்கள் உடைந்தன, மாணவர்களுக்குக் காயம்பட்டது.

அப்போதுதான் அவர் ஓர் ஆசிரியருக்கே உரிய முறையில் யோசித்தார். ஆட்டத்தில் முரட்டுத்தனம் ஏன் வருகிறது? பந்தோடு ஓடுபவனைத் தடுக்க வேண்டியிருப்பதால். அப்படியானால் பந்தோடு யாரும் ஓடக் கூடாது. பந்தைப் பலம்கொண்ட மட்டும் எறிவது ஏன்? இலக்கு எதிரே, நின்ற நிலையில் இருப்பதால். அப்படியானால் இலக்கைத் தலைக்கு மேலே, கிடைநிலையில் வைத்துவிடலாம். அங்கே வேகத்தைவிட இலாகவமே செல்லும். இதற்கு அவருக்குத் துணைவந்தது, பிறந்த ஊரில் கருமான் பட்டறைக்கு அருகே சிறுவர்கள் ஆடிய ஒரு விளையாட்டு. பெரிய பாறையின்மேல் ஒரு கல்லை வைத்து, தூரத்திலிருந்து வேறொரு கல்லால் அதை வீழ்த்த வேண்டும். நேராக விசிறியடித்தால் எறிந்த கல் வெகுதூரம் ஓடிவிடும். வளைவாகத் தூக்கிப் போட்டவனே வெல்வான். நம் ஊர்ப் பிள்ளைகள் கல் எறிந்து ஆடும் ஆட்டங்களிலும் இதே கணக்கு உண்டு.

கூடத்தின் பராமரிப்பாளரிடம் அவர் இரண்டு பெட்டிகள் கேட்டார். கிடைத்தவை பீச் பழக் கூடைகள். மாடத்தின் விளிம்பில் அவற்றை அடித்துப் பொருத்தினார். மாடத்தின் உயரம் பத்து அடி. உலகம் முழுவதும் இன்றும் வளையம் பத்து அடி உயரத்தில் இருப்பதற்கு அந்த மாடத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. பதின்மூன்று விதிகளை எழுதித் தட்டச்சு செய்வித்துச் சுவரில் ஒட்டினார். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை இடறுவது, அடிப்பது ஆகியவற்றை ஒரு விதி விலக்குகிறது. அணிக்கு ஒன்பது பேராக ஆடிய முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. பிறரைக் காயப்படுத்தாமல் வெல்ல முடியுமா என்பதே அந்தப் பதின்மூன்று விதிகளும் கேட்கும் கேள்வி என்று எனக்குப் படும். அவர் பிரசங்கத்தைக் கைவிடவில்லை, அதைத் தட்டச்சுத் தாளுக்கு மாற்றியிருந்தார் என்று ஆனியிடம் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துத் தலைவராக நின்றவர் டங்கன் பேட்டன். சில ஆண்டுகளில் அவரே இந்தியாவுக்கு வந்து இந்த விளையாட்டை அறிமுகப்படுத்தினார். அதே ஸ்ப்ரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளரும் அவரே. நந்தனத்தில் உள்ள அந்தக் கல்லூரியிலிருந்து புறப்பட்ட ஆசிரியர்கள் தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் ஊதலோடு போய்ச் சேர்ந்தார்கள். மரக்காணத்து உப்பு ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறிச் சென்னைக்குப் போனது. சென்னையிலிருந்து பதிலுக்கு எங்களுக்கு வந்தவற்றுள் இதுவும் ஒன்று.

நெய்ஸ்மித் பின்னர் டென்வர் நகருக்குச் சென்று, பகலில் ஒய்.எம்.சி.ஏ. பணியும் அதோடு மருத்துவப் படிப்புமாக இருந்து 1898-இல் மருத்துவரானார். அங்கே அவருடைய பயிற்சியில் இருந்த ஓர் இளைஞன் பல்டி அடிக்கும்போது தவறி விழுந்து கழுத்து முறிந்து இறந்தான். அருகில் நின்று தாங்க வேண்டியவர் அவர்தான். அந்தத் துயரம் அவரை நெடுநாள் விடவில்லை. உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த இடத்தைப் படித்துவிட்டு எளிதாகப் பக்கத்தைப் புரட்ட முடியாது. உயரத் தாண்டுதலுக்குப் பையன் ஓடிவரும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் துடித்திருக்கிறது.

அதே ஆண்டு கான்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே காலை ஜெபத்தை நடத்தவும் உடற்கல்வி கற்பிக்கவும் ஒரே ஆள் தேவைப்பட்டார். அவருக்காகவே செய்துவைத்ததுபோன்ற பணி! கூடைப்பந்து அணிக்கும் அவரே முதல் பயிற்றுநர். 55 வெற்றிகள், 60 தோல்விகள். அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்றுநர், அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான். வெற்றிக்காகப் பிள்ளைகளைப் பிழிவதில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை.

1916-இல் அவர் முறைப்படி போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இராணுவப் படைப்பிரிவு ஒன்றின் குருவாக மெக்சிகோ எல்லைக்குச் சென்றார். முதல் உலகப் போரின்போது ஒய்.எம்.சி.ஏ. சார்பில் பிரான்சில் படைவீரர்களிடையே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பணிபுரிந்தார். மனைவி மாடும் ஐந்து பிள்ளைகளும் கான்சாஸில் காத்திருந்தார்கள். அக்காள் விரும்பிய பட்டம் இவ்வாறு காலம் கடந்து வந்தது. அதுவும் ஆனியின் மனத்தை மாற்றவில்லை.

1933-இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அங்கே உடற்கல்வி படிக்க வந்தார். கறுப்பினத்தவருக்குப் பல்கலைக்கழக அணியில் இடமில்லை. நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக நின்று, தமக்குத் தெரிந்ததையெல்லாம் கற்றுக்கொடுத்தார். அணிக் கதவைத் திறக்க அவரால் முடியவில்லை. அதற்காகப் பெரிதாகப் போராடினார் என்றும் சொல்வதற்கில்லை. எனினும் மெக்லெண்டன் பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த பயிற்றுநர்களில் ஒருவரானபோது, தம் ஆசானாக நெய்ஸ்மித்தையே நினைவுகூர்ந்தார்.

பணம் அவரிடம் தங்கவில்லை. விளையாட்டுக்குக் காப்புரிமை கோரவில்லை. கடனைக் கட்ட முடியாமல் வீட்டை இழந்த அனுபவமும் அவருக்கு உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டபோது, அங்கே போய்வரக்கூட அவரிடம் பணமில்லை. அமெரிக்கப் பயிற்றுநர்கள் நிதி திரட்டி அவரை அனுப்பினார்கள். இறுதி ஆட்டம் திறந்த வெளியில், மண் தரையில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து சேற்றில் விழுந்து எழவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. கார்த்திகை மழையில் எங்கள் மைதானத்தில் நின்றவர்களுக்கு அந்த ஆட்டத்தை விவரிக்க வேண்டியதில்லை. பிறந்த நாடும் புகுந்த நாடும் மோதிய அந்த ஆட்டத்துக்குப் பின் பதக்கங்களை வழங்கியவர்களுள் அந்த முதியவரும் ஒருவர்.

அடுத்த ஆண்டு மனைவி மாடு இறந்தார். 1939-இல் மறுமணம் செய்துகொண்ட நெய்ஸ்மித், அதே ஆண்டு நவம்பர் 28 அன்று தம் 78-ஆம் வயதில் காலமானார். அவர் சுவரில் ஒட்டிய அந்த இரண்டு தாள்கள் 2010-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின.

எங்கள் பகுதிப் பெற்றோரிடம் இதைச் சொன்னால், அந்த 43 லட்சம்தான் அவர்கள் காதில் விழும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் அடுப்பெரியுமா என்று கணக்குப் பார்ப்பவர்கள், பந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பதில் தவறில்லை. எனக்குக் கோபம் வருவது, விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கூசாமல் எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் மீதுதான். பொதுத்தேர்வு ஆண்டு என்று சொல்லி ஜூன் மாதமே மைதானத்தைப் பூட்டுகிறார்கள். விடுமுறை நாளில் பெற்றோரோடு உப்பு வாரப் போகும் ஒரு சிறுமிக்கு, வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் ஒரு சுமையும் தலையில் இல்லாத நேரம். அதையும் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் கல்வி அன்று.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாலை, திண்ணையில் அமர்ந்திருந்த அக்காளிடம் நெய்ஸ்மித்தின் கதை முழுவதையும் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. உப்பு அரித்த பாதங்களில் வெடிப்புகள் இன்னும் ஆறவில்லை. ஆனியைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. அக்காள் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. நெடுநேரம் கழித்து, அந்தக் கூடையை எவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்று கேட்டார். பத்து அடி என்றேன். நாங்கள் உப்புக் கொட்டும் அம்பாரமும் ஏறக்குறைய அந்த உயரம்தான் என்று சொல்லிவிட்டு, எழுந்து விளக்கேற்ற உள்ளே போனார்.